நல்ல சேதியை நம்பாத டீச்சர்

நல்ல சேதி எதையாவது கொண்டுபோய்ச் சொன்னால் டீச்சரின் முகம் சுருங்கிவிடும். கெட்ட சேதி என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆய்வகத்தில் வடிகுடுவை உடைந்துவிட்டது என்று சொன்னால், "சரி கண்ணு, வெளக்கமாறு எங்க இருக்குது" என்று எழுந்துவிடுவார். பஸ் போய்விட்டது என்றால் அங்கேயே ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஆனால் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கேட்ட விடுமுறை கிடைத்தது என்று யாராவது சொன்னால் போதும், "நல்லாப் பாத்தியா? வேற யாரோடதோ மாறி வந்திருக்கும்" என்பார்.

அவர் கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் டீச்சர். பிறந்ததும் அங்கேதான், தேவனூர் நாடு என்கிற மலையூர்த் தொகுதியில். முனைவர் பட்டம் படிக்க விடுப்புக் கேட்டு எழுதிப்போட்டார். முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மலையிறங்கி அலுவலகத்துக்குப் போய், இது எனக்குத்தானா என்று கேட்டிருக்கிறார். உங்கள் பெயர்தானே போட்டிருக்கிறது என்றாராம் அங்கிருந்த எழுத்தர். இதே பெயரில் வேறு டீச்சர் இருந்தால் என்று இவர் கேட்க, அவருக்குப் பொறுமை போய்விட்டது. "வேண்டாம்னா குடுங்கம்மா, கிழிச்சுப் போட்டர்றேன்" என்று கையை நீட்டியிருக்கிறார். அவர் அப்படித் திட்டிய பிறகுதான் தனக்கு நம்பிக்கையே வந்தது என்று டீச்சர் எங்களிடம் சொல்வார், சிரிக்காமல்.

நான் அப்போதுதான் எம்.ஃபில். சேர்ந்திருந்தேன். எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் முதலில் முடிவுரையைப் படித்துவிட்டு, நேரம் இருந்தால்தான் முன்பக்கத்துக்கு வருவேன். டீச்சருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரே வழிகாட்டியிடம்தான் இருவரும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்; வழிகாட்டியான சாரே அப்படித்தான் கூப்பிடுவார். டீச்சருக்கு நான் கண்ணு. நான் அவசரப்பட்டால் மட்டும் சாமி.

நாங்கள் செய்துகொண்டிருந்தது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால்தான் வயருக்குச் சட்டையாக மாட்டுகிறோம் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, மறுபடி ஒற்றை என்று மாறி மாறிக் கைகோத்து நிற்கும் நீளமான சங்கிலிகள் சில இருக்கின்றன. கொஞ்சம் அமிலம் பட்டுவிட்டால் அவற்றில் மின்சாரம் ஓடும். அந்தக் கண்டுபிடிப்புக்கு உலகத்தின் பெரிய பரிசு கொடுத்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. எனக்கு அது தலையில் ஏறிய போதை மாதிரி. பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் பொருளுக்குப் பாலிஅனிலின் என்று பெயர். செய்வது சுலபம். அனிலினை அமிலத்தில் கரைத்து, அதில் பெர்சல்ஃபேட் உப்புக் கரைசலை ஊற்றவேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் நீலம் ஓடும், மயில்கழுத்து நிறம் வரும், கடைசியில் ஆழ்ந்த பச்சையாகும். அது முடியும்வரை குடுவைக்குள் ஒரு சிறு காந்தத் துண்டைப் போட்டு, ஸ்டிரர் என்ற மின்கருவிமேல் வைத்துக் கலக்கிக்கொண்டே இருப்போம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் கிடைப்பது உருவம் இல்லாத கட்டிகள். எங்களுக்கு வேண்டியது இழைகள், தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள இழைகள். வாயுக் கசிவைக் காட்டிக்கொடுக்கும் கருவிகளுக்கு அந்த இழைகள் அவ்வளவு பொருத்தம்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடப் பொங்கல் விடுமுறைக்கு டீச்சர் மலைக்குப் போனார். சும்மா இருக்க முடியாதவர். பள்ளி ஆய்வகத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது. எங்களிடமிருந்து ஒரு பழைய ஸ்டிரரைக் கேட்டு வாங்கிப்போய், அங்கேயே ஒரு குடுவை செய்து, பச்சைப் பொடியை மாத்திரைக் குப்பியில் போட்டுக்கொண்டு வந்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கி எங்களிடம் கிடையாது. வேறு ஊர் நிலையம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். டீச்சரின் குப்பியும் எங்கள் மற்றக் குப்பிகளோடு போனது.

படம் வந்த அன்று ஆய்வகமே என் கூச்சலில் அதிர்ந்தது. கட்டியே இல்லை. வேரோடு பிடுங்கிய புல்லை உதறிப் போட்டது மாதிரி முழுக்க இழைகள், ஒன்றின்மேல் ஒன்று, எல்லாம் ஒரே பருமன். சார் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இந்த வாரமே கட்டுரை எழுதிவிடலாம் என்றார். டீச்சர் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"குப்பி மாறிப்போயிருக்குமுங்களா சார்?"

மாறவில்லை. விசாரித்துவிட்டோம். அப்படியென்றால் இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார் டீச்சர். சார் சந்தோஷத்தில் இருந்தார், சரி என்றுவிட்டார்.

இரண்டாவது குடுவையை எங்கள் ஆய்வகத்தில் செய்தார். கட்டி. மூன்றாவதும் கட்டி. படத்துக்குக் காத்திருக்கவே வேண்டாம், தண்ணீரில் குலுக்கி நிறுத்தினால் கட்டி அடியில் படிந்துவிடும். அளவுகளைச் சரிபார்த்து, அனிலினைப் புதிதாக வடித்து, ஐஸ் வைத்துக் குளிரவைத்தும் கட்டிதான் வந்தது. டீச்சர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக எனக்குத் தோன்றும். கெட்ட சேதி அவருக்குப் பழகிய இடம்.

ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. கட்டுரை ஒன்றாவது வெளிவந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கமுடியும். ஜூனில் பள்ளி திறந்தால் விடுப்பு முடிந்தது, டீச்சர் மலையேறிவிட வேண்டும். அப்புறம் வாரக் கடைசியில் இறங்கிவந்து எவ்வளவு செய்துவிடமுடியும்? ஏப்ரலில் ஒருநாள் சார் அவரை உட்காரவைத்துப் பேசினார். நானும் அங்கேதான் இருந்தேன். படம் பொய் இல்லை, நாம் எடுத்ததுதான், அதை மட்டும் வைத்து அனுப்புவோம் என்றார். எத்தனையோ பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார். டீச்சர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இதப் படிச்சுப்போட்டு எங்கியோ ஒரு புள்ள பண்ணிப் பாக்கும். அதுக்கு வராது. தான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டம்னு நெனச்சுக்கும். நம்மளத் தப்பா நெனைக்காதுங்க."

"ஒலகத்துல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் நீங்களே கவலப்பட்டா, உங்க பட்டத்த யாரு டீச்சர் வாங்கறது?"

டீச்சர் தலைப்பை உதறிவிட்டு அடுத்த குடுவையைக் கழுவப் போனார். கட்டுரை போகவில்லை.

மலையில் வருகிறது, கீழே வரவில்லை. அப்படியென்றால் மலையில் என்ன இருக்கிறது? தண்ணீர்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். டீச்சர் நம்பவில்லை, இருந்தாலும் அடுத்த தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போது எனக்காக ஒரு கேன் நிறையச் சுனைத்தண்ணீர் எடுத்துவந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர், மூலிகைத் தண்ணீரா என்று கேட்டிருக்கிறார். இல்லை, சோதனைக்கு என்று இவர் சொல்ல, "ஏனுங்க அம்மணி, மறைக்கறீங்க? ஒரு வாய் குடுத்தாக் கொறஞ்சா போயிரும்" என்று அவர் கையேந்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் வலித்த மூட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. காரவள்ளி அடிவாரம் வருவதற்குள் கேன் பாதியாகிவிட்டது. மீதித் தண்ணீரில் ஒரு குடுவை செய்தோம். கட்டிதான். குடித்தவர்களுக்காவது மூட்டுவலி போயிருக்கும் என்றார் சார்.

மே மாதம் டீச்சரும் நானும் சாமான்களோடு மலைக்கே கிளம்பினோம். அங்கே செய்ததை அங்கேயே, அதே மேசையில், அதே ஸ்டிரரில் செய்து பார்ப்பது என்று முடிவு. டீச்சர் வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். அவர் வீட்டுக்காரர் மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் பயிர் போட்டிருந்தார். வாய் நிறையப் பேசுபவர். மத்தியானம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கிற கதையை நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுதுங்களா? என்னையவே டீச்சரம்மா அப்படித்தான் பண்ணுனா. புடிச்சிருக்குது, கட்டிக்கறேன்னு ஊடு தேடி வந்து சொன்னனுங்க. மறுக்கா ஒருக்கா வந்து சொல்லட்டும்னா. மிளகுக்கொடி கட்டற வேலய உட்டுப்போட்டு மறுக்காவும் வந்தேன். அதுக்கும் பதிலக் காணோம். மூணாவது தடவ வந்தப்ப நல்ல மழ. நனைஞ்சிட்டே வாசல்ல நின்னேன். அப்பத்தான் சரின்னா."

"மழையில நனைஞ்சுட்டு யாரும் பொய் சொல்லமாட்டாங்க கண்ணு" என்றார் டீச்சர், என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றியபடி.

டீச்சர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு வீட்டுக்காரரிடம் ஒரு காரணமும் இருந்தது. ஒரு வருடம் பள்ளியில் வேதியியலில் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று சேதி வந்து, டீச்சர் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்திருக்கிறார். மறுநாள் பார்த்தால் அது வேறு பள்ளியின் சேதி. "அன்னைலருந்துதான்" என்றார் அவர். "அதெல்லாம் இல்ல, நான் பொறந்ததுலருந்தே இப்படித்தான்" என்றார் டீச்சர்.

டீச்சருடைய சந்தேகம் எல்லா நேரமும் சிரிப்பாக இருந்துவிடவில்லை. பிற்பாடு எனக்கு வேறொரு ஊரில் ஆராய்ச்சி உதவித்தொகையோடு இடம் கிடைத்தபோது முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அவரிடம்தான். நல்லாப் பாத்தியா, எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோ என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாழ்த்துச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் ஆனது. சொல்லும்போது பலகாரம் சுட்டு எடுத்துவந்தார், மனசாரத்தான் சொன்னார். ஆனால் சந்தோஷம் சூடாக இருக்கும்போதே பங்குபோட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?

பள்ளி ஆய்வகத்தில் முதல் குடுவை கட்டியாகவே வந்தது. அதே மேசை, அதே ஸ்டிரர், அதே மலை. நான் சோர்ந்து பெஞ்சில் படுத்துவிட்டேன். டீச்சர் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாளைக்கு இரண்டாகச் செய்யலாம் என்றார்.

மறுநாள் இரண்டு குடுவைகளுக்கும் கரைசல் தயார். உப்புக் கரைசலை ஊற்றுகிற நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. வரட்டும், காத்திருப்போம் என்றேன் நான். எப்போது வரும் என்று யார் கண்டது, கரைசல் கெட்டுவிடும், ஊற்று என்றார் டீச்சர். ஆளுக்கொன்றாக ஊற்றினோம். நான் கண்ணாடிக் குச்சியை எடுத்து என் குடுவையை விடாமல் கலக்க ஆரம்பித்தேன். டீச்சர் கரண்டு போன சேதியை அப்படியே ஏற்றுக்கொண்டு, தன் குடுவையைச் சும்மா விட்டுவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனார். வெளியே அவர் வீட்டுக்காரர் பலாப்பழத்தோடு நின்றுகொண்டு, எந்தப் பக்கம் இனிக்கும் என்று அவரிடம் வம்பு பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு குடுவையும் பச்சையாயின. வடிகட்டி, அமிலம் போகக் கழுவி, இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி நிறுத்தினோம். என்னுடையது கொஞ்ச நேரத்தில் காப்பி மண்டி மாதிரி அடியில் படிந்தது. மேலே வெறும் தண்ணீர். டீச்சருடையது படியவே இல்லை. குழாய் முழுக்க ஒரே பச்சையாக நின்றது. பழம் தின்று கைகழுவி வந்து பார்த்தோம், அப்படியே இருந்தது. பொங்கலன்று செய்த பொடியில் குப்பியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் தண்ணீரில் போட்டுக் குலுக்கினோம். அதுவும் படியவில்லை.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். பொங்கலன்று ஸ்டிரரைப் போட்டுவிட்டு எருதாட்டம் பார்க்க எல்லோரும் கூப்பிட்டார்கள் என்று போயிருக்கிறார். போகும்போது ஓடிக்கொண்டிருந்தது, திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கலக்கியதாகவே எழுதிவிட்டார். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? ஜன்னல் வழியாக வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"ஏனுங்க, பொங்கலன்னைக்குக் கரண்டு போச்சுங்களா?"

"என்னைக்குத்தான் போவல?" என்றார் அவர்.

அவ்வளவுதான் சாட்சி. ஆனால் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. இழைகள் தானாகவே உருவாகின்றன. கலக்கக் கலக்க அவை ஒன்றோடொன்று மோதி ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. உலகமே வேலை மெனக்கெட்டுக் கலக்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, சும்மா விட்டால் போதும். நான் அந்த அறைக்குள் குதித்தேன். சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் நாளை காலை சாரிடம் சொல்லிவிடலாம், ஜூனுக்குள் கட்டுரை போய்விடும், பட்டமும் வந்துவிடும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். டீச்சர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி இருந்தார்.

"இங்க இன்னொருக்கா பாக்கோணும் சாமி. அப்பறம் கீழ ஒருக்கா, கலக்காம. எல்லாத்துக்கும் படம் வரட்டும்."

"படம் வர ரெண்டு மாசம் ஆகும் டீச்சர். லீவு முடிஞ்சிரும்."

"முடியட்டும். ஸ்கூலு எங்க போவுது?"

விடுப்பு முடிந்தது. அவர் மலையேறிவிட்டார். சனிக்கிழமைகளில் இறங்கிவருவார். கீழே கலக்காமல் செய்ததில் இழை வந்தது, சார் பேனாவைத் திறந்தார். அடுத்த படத்தில் பாதி இழை, பாதி கட்டி. டீச்சர் பேனாவை மூடச் சொன்னார். ஏன் பாதி என்று தேட இரண்டு மாதத்துச் சனிக்கிழமைகள் போயின. கடைசியில், உப்புக் கரைசலை மெல்ல ஊற்றினால் கெடுகிறது, ஒரேயடியாகக் கொட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும் என்று பிடிபட்டது. அதற்கும் மறுபடி செய்து, மறுபடி படத்துக்குக் காத்திருந்தோம். சார் என்னிடம் மட்டும் அலுத்துக்கொள்வார். இந்த அம்மா சூரியன் உதிப்பதையே மறுநாளும் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார் என்பார். எனக்கும் கோபம்தான். அவருக்கு வரவேண்டியது கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது, அவர் கையை நீட்டவில்லை.

டீச்சருக்குப் பட்டம் பிற்பாடு கிடைத்தது, வேறொரு அத்தியாயத்தை வைத்து, இரண்டு வருடம் தள்ளி. அந்த இழைகளுக்காக இல்லை. இழைகளின் கதை அதற்கு முன்பே, இரண்டாயிரத்து நான்கின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையோடு முடிந்துபோனது.

அன்று காலை சார் ஒரு கட்டுரையின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து டீச்சரின் மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டுக் குழு ஒன்று. பாலிஅனிலின் இழைகள், கலக்காமல். பொங்கல் குப்பியின் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். எங்கள் படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்லமுடியாது.

டீச்சர் மலையிலிருந்து வந்து சேரப் பதினோரு மணி ஆகிவிட்டது. பையை இறக்கி வைத்தார், ஜெராக்ஸைப் பார்த்தார், நின்றபடியே படித்தார். முடிவுரைக்குப் போகவில்லை. செய்முறைப் பகுதியில் ஒரு வரிமேல் விரலை வைத்து அங்கேயே நின்றார்.

"இவங்களும் ஒரேயடியா ஊத்தச் சொல்றாங்க கண்ணு. ஊத்திட்டுத் தொடாதேங்கறாங்க."

எனக்கு அழுகையாக வந்தது. இது நம்முடையது டீச்சர், போன மே மாசமே நம் கையில் இருந்தது என்றேன். அவர் என் பேச்சைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். வாசலுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து, அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பரைப் போட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். ஆள் வரும்வரை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். கதவு சரியாக மூடவில்லை. பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"நான்தானுங்க. வந்துருச்சுங்க, அந்தப் பச்ச... இல்லீங்க, நம்ம பேருல இல்ல. வேற யாரோ, வெளிநாட்டுல... ஆமாங்க, அவங்க பேருலதான். எனக்கு அவங்களத் தெரியாது, அவங்களுக்கும் என்னையத் தெரியாது."

அந்தப் பக்கம் அவர் ஏதோ நீளமாகக் கேட்டார். டீச்சர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பொறுமையாக, சின்ன வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அதுக்குத்தானுங்க போனே பண்ணுனேன். அவ்வளவு தூரத்துல, நம்மளப் பாக்காமயே பண்ணிருக்காங்க, அவங்களுக்கும் வந்திருக்குது. அப்ப நாம பண்ணுனது சரியாத்தான் இருந்திருக்குதுங்க."